‘முடியாது’ என்பதற்கு நிரூபணம்: கணிப்புச் சிக்கல்தன்மைத் துறைக்கு ஓர் அறிமுகம்

ஒரு பல்கலைக்கழகத்தில் 100 பாடங்களுக்குத் தேர்வு நடத்த வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே மாணவர் எழுத வேண்டிய இரண்டு தேர்வுகளை ஒரே வேளையில் வைக்கக் கூடாது. அப்படி மோதும் தேர்வுகள் எவையெவை என்ற பட்டியல் கையில் இருக்கிறது. எல்லாத் தேர்வுகளையும் முற்பகல், பிற்பகல் என்ற இரண்டே வேளைகளுக்குள் அடக்கிவிட முடியுமா என்பது கேள்வி. இதற்கு விடை காண்பது எளிது. ஏதேனும் ஒரு தேர்வை முற்பகலில் வைத்துவிட்டால், அதனோடு மோதும் தேர்வுகள் அனைத்தும் பிற்பகலுக்குப் போயே ஆக வேண்டும். அவற்றோடு மோதுபவை மீண்டும் முற்பகலுக்கு வந்தாக வேண்டும். இப்படியே பின்தொடர்ந்து சென்று, எட்டப்படாமல் மிஞ்சிய தேர்வு ஏதேனும் இருந்தால் அதிலிருந்து மறுபடி தொடங்கினால், இறுதியில் எல்லாத் தேர்வுகளுக்கும் இடம் கிடைத்துவிடும். அல்லது ஏதோ ஒரு தேர்வு எந்த வேளையிலும் பொருந்தாமல் முட்டிக்கொண்டு நிற்கும். முட்டினால் இரண்டு வேளைகள் போதா என்பது உறுதி. தேர்வுகள் 10 லட்சம் இருந்தாலும், ஒரு சாதாரணக் கணினி இந்த வேலையை விரைவில் முடித்துவிடும்.

இப்போது இரண்டு வேளைகளுக்குப் பதிலாக மூன்று வேளைகள் தரப்படுகின்றன. இடம் தாராளமாகிவிட்டதால் வேலையும் சுலபமாகியிருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் நடப்பது நேர்மாறானது. ஒரு தேர்வை முற்பகலில் வைத்ததும் அதனோடு மோதும் தேர்வுக்கு இரண்டு வாய்ப்புகள் எஞ்சி நிற்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்று எதுவும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. எல்லா வாய்ப்புகளையும் சோதித்துப் பார்க்கலாம் என்றால், 100 தேர்வுகளை மூன்று வேளைகளில் வைக்கும் முறைகளின் எண்ணிக்கை 48 இலக்கங்கள் கொண்டது. நொடிக்கு 100 கோடி முறைகளைச் சோதிக்கும் கணினிக்கும், பேரண்டத்தின் இன்றைய வயதைப்போல் கோடி கோடி கோடி மடங்கு காலம் தேவைப்படும். இதைவிட நுட்பமான அல்காரிதங்கள், அதாவது படிப்படியான தீர்வு முறைகள், இருக்கின்றன. தேர்வு ஒன்று கூடினால் வேலை 3 மடங்காவதற்குப் பதிலாக ஏறத்தாழ 1.33 மடங்காகும் அளவுக்கு அவை கணக்கைச் சுருக்கியிருக்கின்றன. 100 தேர்வுகளுக்கு அது போதும். 1,000 தேர்வுகள் என்றாலோ, செய்ய வேண்டிய சோதனைகளின் எண்ணிக்கை மறுபடியும் 120 இலக்கங்களைத் தாண்டிவிடுகிறது.

இரண்டு என்பது மூன்றானவுடன் கணக்கின் இயல்பே ஏன் மாறிவிடுகிறது? மூன்று வேளைக் கணக்குக்கு உண்மையிலேயே விரைவான வழி இல்லையா, அல்லது இருந்தும் நாம் கண்டுபிடிக்கவில்லையா? இந்த இரண்டாவது கேள்வியை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர்களின் துறைதான் கணிப்புச் சிக்கல்தன்மை. இது கோட்பாட்டுக் கணினியியலின் ஒரு பிரிவு. அல்காரிதம் வடிவமைப்பவர் ஒரு கணக்கை விரைவாகத் தீர்க்கும் வழியைத் தேடுகிறார். சிக்கல்தன்மை ஆய்வாளரோ, எந்த வழியிலும் இதைவிட விரைவாகத் தீர்க்க முடியாது என்று காட்ட முயல்கிறார். ஒருவரே இரண்டையும் செய்வதுதான் வழக்கம் என்பதையும், அது ஏன் என்பதையும் பின்னால் பார்க்கலாம்.

முதலில் ‘விரைவு’ என்ற சொல்லுக்குப் பொருள் வேண்டும். ஒரு நிரல் எத்தனை நொடிகள் ஓடியது என்பதை வைத்து அதை அளந்தால், அடுத்த ஆண்டு வரும் கணினி அந்த அளவைப் பொய்யாக்கிவிடும். ஆகவே, உள்ளீடு பெரிதாகும்போது செய்ய வேண்டிய படிகள் எந்த வேகத்தில் பெருகுகின்றன என்று பார்க்கிறார்கள். யூரிஸ் ஹார்ட்மானிஸ், ரிச்சர்ட் ஸ்டேர்ன்ஸ் இருவரும் 1965-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தப் பார்வைக்கு அடித்தளமிட்டது. துறைக்குப் பெயரும் அதிலிருந்தே வந்தது. அதே ஆண்டில் ஜாக் எட்மண்ட்ஸ், உள்ளீட்டின் நீளத்தை ‘ந’ என்று கொண்டால் படிகளின் எண்ணிக்கை ந-வின் வர்க்கம், கனம் போன்ற ஏதேனும் ஒரு நிலையான அடுக்குக்குள் அடங்கும் அல்காரிதத்தையே நல்ல அல்காரிதம் என்று கொள்ளலாம் என வாதிட்டார். அப்படித் தீர்க்கக்கூடிய கணக்குகளின் தொகுதிக்கு ‘பி’ என்று பெயர். இரண்டு வேளைக் கணக்கு அந்தத் தொகுதியில் இருக்கிறது.

மூன்று வேளைக் கணக்கு பி-யில் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்கு வேறொரு நல்ல குணம் உண்டு. யாராவது ஓர் அட்டவணையைக் கொண்டுவந்து நீட்டினால், அது சரியானதா என்று பார்ப்பது எளிது: மோதும் இணைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டும் வெவ்வேறு வேளைகளில் இருக்கின்றனவா என்று சரிபார்த்தால் போதும். விடையைக் கண்டுபிடிப்பது எப்படியிருந்தாலும், கொடுத்த விடையைச் சரிபார்ப்பது எளிது என்ற குணமுள்ள கணக்குகளின் தொகுதி ‘என்பி’. எளிதில் சரிபார்க்கக்கூடியவை எல்லாம் எளிதில் கண்டுபிடிக்கவும் கூடியவைதாமா என்பதே புகழ்பெற்ற ‘பி, என்பி’ கேள்வி. கிளே கணித நிறுவனம் 2000-ஆம் ஆண்டில், விடை கண்டவருக்குத் தலா 10 லட்சம் டாலர் என்று அறிவித்த ஏழு கணக்குகளில் இதுவும் ஒன்று. பரிசுத்தொகையைவிட இந்தக் கேள்வியின் வயதே எனக்கு வியப்பளிக்கிறது. 1956-இல் தருக்கவியலாளர் கர்ட் கோடல், கணிதவியலாளர் ஜான் வான் நியூமனுக்கு எழுதிய கடிதமொன்றில் ஏறத்தாழ இதே கேள்வியைக் கேட்டிருந்தார். அந்தக் கடிதம் பல பத்தாண்டுகள் கழித்தே துறையினரின் பார்வைக்கு வந்தது.

இந்தத் துறையில் புதிதாக நுழைபவர் முதலில் கைவசப்படுத்த வேண்டிய கருவி, ஒரு கணக்கை இன்னொரு கணக்காக உருமாற்றும் உத்தி. துறையினர் அதை ‘ரிடக்‌ஷன்’ என்பார்கள். அதை ஓர் எடுத்துக்காட்டில் நெருங்கிப் பார்ப்பது நல்லது.

க, ச, த என்று மூன்று கூற்றுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கலாம். இரண்டு நிபந்தனைகள் தரப்படுகின்றன. முதல் நிபந்தனை: க உண்மை, அல்லது ச உண்மை, அல்லது த பொய். இரண்டாம் நிபந்தனை: க பொய், அல்லது ச பொய், அல்லது த உண்மை. ஒவ்வொரு நிபந்தனையிலும் குறைந்தது ஒன்றாவது நிறைவேறும்படி க, ச, த ஆகியவற்றுக்கு உண்மை பொய்களை ஒதுக்க முடியுமா? நிபந்தனைகள் இரண்டே என்பதால் இங்கே விடை உடனே தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கில் இருந்தால் தெரியாது. இதற்குச் சற்றும் தொடர்பில்லாதது போன்ற மற்றொரு கணக்கு இது: ஒரு கூட்டத்தில் சிலருக்குள் பகை உண்டு, எந்த இருவருக்கும் இடையே பகை இல்லாதபடி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஒரு குழுவைப் பொறுக்கி எடுக்க முடியுமா?

முதல் கணக்கை இரண்டாவதாக மாற்றுவோம். நிபந்தனை ஒன்றில் மூன்று பகுதிகள் இருப்பதால், ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஆள் என்று மூன்று பேரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆக, இரண்டு நிபந்தனைகளுக்கு ஆறு பேர். ஒரே நிபந்தனையைச் சேர்ந்த மூவரும் தங்களுக்குள் பகைவர்கள் என்று வைப்போம். அதனால் ஒரு நிபந்தனையிலிருந்து ஒருவருக்கு மேல் குழுவுக்கு வர முடியாது. அடுத்து, ‘க உண்மை’ என்பவரும் ‘க பொய்’ என்பவரும் பகைவர்கள். ச, த ஆகியவற்றுக்கும் அப்படியே. இப்போது பகையில்லாத இருவர் குழுவைத் தேடினால், எடுத்துக்காட்டாக முதல் நிபந்தனையிலிருந்து ‘க உண்மை’, இரண்டாவதிலிருந்து ‘ச பொய்’ கிடைக்கிறார்கள். அதையே விடையாகப் படித்துவிடலாம்: க-வை உண்மையாகவும் ச-வைப் பொய்யாகவும் வைத்தால், த எப்படி இருந்தாலும் இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறுகின்றன. நிபந்தனைகள் ஆயிரம் இருந்தால் ஆயிரம் பேர் கொண்ட குழுவைத் தேட வேண்டும். அப்படியொரு குழு இருந்தால், இருந்தால் மட்டுமே, நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவேற்ற முடியும்.

இதனால் கிடைப்பது என்ன? பகையில்லாக் குழுவை விரைவாகக் கண்டுபிடிக்கும் அல்காரிதம் ஒன்று எவரிடமாவது இருந்தால், மேற்சொன்ன மாற்றத்தின் வழியே நிபந்தனைக் கணக்கையும் அவர் விரைவாகத் தீர்த்துவிடுவார். ஆகவே, நிபந்தனைக் கணக்கு கடினமானது என்றால் குழுக் கணக்கும் கடினமானதுதான். இங்கேதான் ஏறக்குறைய ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையாவது தடுமாறுகிறார். ஒரு புதிய கணக்கு கடினமானது என்று காட்ட விரும்புபவர், அந்தப் புதிய கணக்கை எடுத்து, கடினமானது என்று பெயர்பெற்ற பழைய கணக்காக மாற்றிக் காட்டுகிறார். அதனால் ஒன்றும் நிறுவப்படுவதில்லை. எளிய கணக்கையும் கடினமான கணக்காக மாற்றி எழுதிவிட முடியும். பழைய கடினமான கணக்கைப் புதியதற்குள் ஒளித்துவைக்க வேண்டும், திசை அதுதான். பகைகளை நாமே அமைத்தோம் அல்லவா, அந்த அமைப்புதான் ஒளித்துவைத்தல். இந்தத் திசை மனத்தில் உறுதியாகப் பதிந்த நாளிலிருந்துதான் ஒருவர் இந்தத் துறையின் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்க முடியும் என்பது என் எண்ணம்.

1971-இல் ஸ்டீபன் குக், என்பி-யில் உள்ள எல்லாக் கணக்குகளையுமே நிபந்தனைக் கணக்காக மாற்றிவிட முடியும் என்று நிறுவினார். சோவியத் நாட்டில் லியோனிட் லெவின் தனித்து உழைத்து இதே வகையான முடிவை 1973-இல் வெளியிட்டார். இடையில், 1972-இல் ரிச்சர்ட் கார்ப், வெவ்வேறு துறைகளிலிருந்து எடுத்த 21 கணக்குகள் இதே அளவு கடினமானவை என்று காட்டினார். இவற்றுக்கு ‘என்பி-முழுமை’ பெற்ற கணக்குகள் என்று பெயர். இன்று அந்தப் பட்டியலில் ஆயிரக்கணக்கானவை இருக்கின்றன. மூன்று வேளைத் தேர்வு அட்டவணையும் அவற்றுள் ஒன்று. இவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு விரைவான அல்காரிதம் கிடைத்தால் அத்தனைக்கும் கிடைத்துவிடும். ஒன்றுக்கு இல்லை என்று நிறுவினால் எதற்கும் இல்லை.

நிரூபணம் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பது இயல்பு. ‘முடியும்’ என்று காட்ட ஓர் அல்காரிதம் போதும். ‘முடியாது’ என்று காட்ட, இதுவரை யாரும் யோசித்திராத அல்காரிதங்களையும் சேர்த்து அனைத்தையும் விலக்க வேண்டும். இது எவ்வளவு கடினம் என்பதைப் பெருக்கல் கணக்கிலேயே பார்க்கலாம். ‘ந’ இலக்கங்கள் கொண்ட இரண்டு எண்களைப் பள்ளியில் கற்ற முறையில் பெருக்கினால், ஒவ்வோர் இலக்கத்தையும் ஒவ்வோர் இலக்கத்தோடும் பெருக்குவதால் ந-வின் வர்க்கத்தின் அளவுக்கு வேலை ஆகும். இதைவிடக் குறைக்க முடியாது என்று கணிதவியலாளர் ஆந்த்ரே கோல்மகோரோவ் கருதினார். 1960-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தாம் நடத்திய கருத்தரங்கில் அதை ஓர் ஊகமாகவும் முன்வைத்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த 23 வயது அனதோலி கரட்சுபா ஒரு வாரத்துக்குள் அந்த ஊகத்தைத் தகர்த்தார்: எண்களை இரண்டு பாதிகளாக வெட்டி, நான்கு சிறிய பெருக்கல்களுக்குப் பதிலாக மூன்றைக் கொண்டே வேலையை முடித்துவிடலாம் என்று காட்டினார். 2019-இல் டேவிட் ஹார்வியும் யோரிஸ் வான் டெர் ஹூவனும் அந்த வேலையை, ந-வை அதன் மடக்கையால் பெருக்கினால் வரும் அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். அதற்கும் கீழே போக முடியாது என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். ஆனால் நிரூபணம் இல்லை. உலகின் மிகப் பழைய கணக்குகளில் ஒன்றான பெருக்கலுக்கே நிலைமை இதுதான்.

ஆகவே, ஆய்வாளர்கள் எல்லா அல்காரிதங்களையும் ஒரேயடியாக விலக்க முயலாமல், வலிமை குறைந்த கணினி மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எதைச் செய்ய முடியாது என்று நிறுவுகிறார்கள். 0, 1 என்ற உள்ளீடுகளை வாங்கி 0 அல்லது 1 என்று விடை தரும் ஆண்ட், ஆர், நாட் ‘கேட்’ என்னும் சிறு உறுப்புகளால் ஆன மின்சுற்றுகளில், உள்ளீட்டிலிருந்து வெளியீடு வரை அடுக்குகளின் எண்ணிக்கை ஐந்து, பத்து என்று நிலையாக இருப்பவை அப்படிப்பட்ட ஒரு மாதிரி. உள்ளீட்டில் இருக்கும் ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று அவற்றால், கேட்களின் எண்ணிக்கை பூதாகரமாகப் பெருகாமல், சொல்ல முடியாது. 1980-களில் கிடைத்த இந்த முடிவின் மையக் கருத்து அழகானது. உள்ளீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு, நாணயம் சுண்டிப் பார்ப்பதுபோல் 0 அல்லது 1 என்று மதிப்புக் கொடுத்துவிடுங்கள். பல உள்ளீடுகள் கொண்ட ஆண்ட் கேட் ஒன்றில் எங்கேனும் ஒரு 0 விழுந்தாலே அதன் விடை 0 ஆகிவிடும். ஆர் கேட்டில் ஒரு 1 விழுந்தால் போதும். இப்படி அடுக்கடுக்காகக் கேட்கள் உறைந்துபோய், சுற்றே ஏறத்தாழ ஒரு மாறிலியாகச் சுருங்கிவிடுகிறது. ஒற்றை இரட்டைக் கணக்கோ உறைவதில்லை: மிஞ்சியிருக்கும் ஒரே ஓர் உள்ளீட்டை மாற்றினாலும் விடை மாறிவிடும். சுருங்கிவிட்ட சுற்று, சுருங்காத கணக்கை எப்படித் தீர்க்கும்? யோகான் ஹோஸ்டாட் 1986-இல் இந்த வாதத்தை ஏறத்தாழ அதன் எல்லை வரைக்கும் கூர்மையாக்கினார்.

இதே பாணியில் மேலே மேலே ஏறிப் பி, என்பி கேள்வியை எட்டிவிடலாம் என்ற நம்பிக்கை அப்போது வலுவாக இருந்தது. அலெக்சாண்டர் ரஸ்போரோவும் ஸ்டீவன் ரூடிக்கும் 1994-இல் அந்த நம்பிக்கைக்கு ஒரு வரம்பிட்டார்கள். சங்கேதவியல் நம்பியிருக்கும் சில கணக்குகள் உண்மையிலேயே கடினமானவையாக இருக்குமானால், அதுவரை மின்சுற்றுகளுக்குப் பயன்பட்ட பெரும்பாலான நிரூபண முறைகளால் பி, என்பி கேள்வியைத் தொடவே முடியாது என்று அவர்கள் நிறுவினார்கள். எந்த வகை நிரூபணம் பயன்படாது என்பதையே ஒரு தேற்றமாக நிறுவிக்கொண்டு வேலையைத் தொடரும் துறை இது.

இப்படிப்பட்ட துறையில் ஒருவரின் பணி வாழ்க்கை எப்படி அமைகிறது? பாதை வெளியிலிருந்து பார்க்கப் பிற கணிதப் பிரிவுகளைப் போன்றதுதான்: முனைவர் பட்டத்துக்கு ஐந்தாண்டுகள் போல, அதன்பின் ஒன்றிரண்டு இடங்களில் தற்காலிக ஆய்வுப் பணி, பிறகு ஆசிரியப் பணிக்கான தேடல். ஆய்வுக்கூடம் கிடையாது, கருவிகள் கிடையாது. காகிதமும் கரும்பலகையும், பேச ஓரிரு தோழர்களும் போதும். முடிவுகள் முதலில் வெளியாவது பெரும்பாலும் மாநாடுகளில்தான். 1960-இல் தொடங்கிய ஃபாக்ஸ், 1969-இல் தொடங்கிய ஸ்டாக் ஆகிய இரண்டும் அவற்றுள் முதன்மையானவை. கட்டுரைகளில் ஆசிரியர் பெயர்கள் அகர வரிசையில் இடம்பெறுகின்றன; யார் எவ்வளவு செய்தார் என்று பெயர் வரிசையை வைத்துக் கணக்கிடுவதில்லை. கூட்டாகக் கரும்பலகை முன் நின்று யோசிக்கும் துறைக்கு இது பொருத்தமான வழக்கம் என்றே நினைக்கிறேன்.

முனைவர் பட்டத்துக்கான முதல் ஆண்டுகளில் நெறியாளர் தரும் கேள்வி பி, என்பி-யாக இருக்காது, இருக்கவும் கூடாது. வலிமை குறைந்த ஏதோ ஒரு மாதிரி, அதில் ஒரு குறிப்பிட்ட கணக்கு, இன்றுள்ள வரம்பைச் சற்றே உயர்த்த முடியுமா என்பது போன்ற கேள்வியாக இருக்கும். மாதக்கணக்கில் ஒன்றும் நகராது. முயன்ற வழிகள் ஏன் தோற்றன என்று எழுதிவைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த மாதங்களும் வீணாவதில்லை. நிரூபணத்தில் பிழை நேர்வதும் இயல்பு. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட இரண்டு வலைப்படங்கள் ஒரே அமைப்புடையவையா என்று கண்டறியும் கணக்குக்கு லாஸ்லோ பாபாய் 2015-இல் பெரும் முன்னேற்றம் ஒன்றை அறிவித்தார். 2017 ஜனவரியில் ஹரால்ட் ஹெல்ஃப்காட் அதில் ஒரு பிழையைக் கண்டார். பாபாய் அதை வெளிப்படையாக அறிவித்து, சில நாட்களிலேயே வாதத்தைச் சரிசெய்துவிட்டார். துறையினர் இதை இழுக்காகக் கருதவில்லை.

வயது இங்கே தடையாக இருப்பதில்லை. ஓர் எண் பகா எண்தானா என்று விரைவாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் சோதிக்கும் அல்காரிதத்தை 2002-இல் கான்பூர் ஐஐடியைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும் கண்டறிந்தபோது, கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்தார்கள். சிக்கலான கணிதப் பின்புலமும் எப்போதும் தேவைப்படுவதில்லை. 1990-களின் தொடக்கத்திலிருந்து தீராமலிருந்த ‘உணர்திறன் ஊகம்’ என்னும் கணக்கை ஹாவ் ஹுவாங் 2019-இல் தீர்த்தபோது, அதன் மையப் பகுதி இரண்டு பக்கங்களுக்குள் அடங்கிவிட்டது. அதிலிருந்த கருவிகள் இளநிலை மாணவருக்கும் புரியக்கூடியவை. ஆனால் அந்தக் கணக்கை அவர் பல ஆண்டுகள் மனத்தில் சுமந்திருந்தார். எனவே தொடங்க விரும்புபவருக்குத் தேவையானவை நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, தனிநிலைக் கணிதம் ஆகியவற்றில் நல்ல பிடிப்பும், பிறர் எழுதிய நிரூபணத்தைப் புத்தகத்தை மூடிவிட்டுத் தானே மீண்டும் எழுதிப் பார்க்கும் பழக்கமும்தான்.

‘முடியாது’ என்பதைத் தேடுபவரே ‘முடியும்’ என்பதையும் கண்டுவிடுவார் என்று முன்பு குறிப்பிட்டதற்குச் சமீபத்திய சான்று ஒன்று உண்டு. ஸ்டீபன் குக்கும் சக ஆய்வாளர்களும், நேரம் குறைவாகவும் நினைவகம் அதிகமாகவும் தேவைப்படும் என்று எதிர்பார்த்து ஒரு கணக்கை வகுத்தார்கள். மரம் போன்ற ஓர் அமைப்பின் நுனிகளில் எண்கள் இருக்கின்றன; ஒவ்வொரு கிளைப்பிரிவிலும், கீழிருந்து வரும் இரண்டு எண்களைக் கொண்டு ஒரு புதிய எண்ணைத் தரும் அட்டவணை இருக்கிறது; வேரில் வரும் எண் எது என்பது கேள்வி. இடப்பக்க விடையை நினைவில் வைத்துக்கொண்டுதானே வலப்பக்கத்தைக் கணக்கிட வேண்டும், அப்படியானால் மரத்தின் உயரம் கூடக்கூட நினைவகமும் கூடியே ஆக வேண்டும் என்று தோன்றியது. அதை நிறுவ முடிந்திருந்தால், பி-யில் உள்ள ஒரு கணக்குக்கு மிகச் சிறிய நினைவகம் போதாது என்ற முக்கியமான முடிவு கிடைத்திருக்கும். ஆனால் குக்கின் மகன் ஜேம்ஸ் குக்கும் இயன் மெர்ட்ஸும் அந்த எதிர்பார்ப்புக்கு எதிராகவே போனார்கள். வேறு தகவல்களால் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் நினைவகத்தையே, அந்தத் தகவல்களை அழிக்காமல், கணக்கிடும் இடமாகவும் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு வழியை அவர்கள் படிப்படியாகக் கூர்மைப்படுத்தி, 2024-இல் மிகக் குறைந்த நினைவகத்திலேயே வேரின் எண்ணைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். ரயன் வில்லியம்ஸ் 2025-இல் அந்த அல்காரிதத்தை எடுத்து, டூரிங் இயந்திரம் என்னும் கோட்பாட்டுக் கணினி மாதிரியில் ‘த’ படிகள் ஓடும் எந்தக் கணிப்பையும், ஏறத்தாழ த-வின் வர்க்கமூலம் அளவே உள்ள நினைவகத்தில் நடத்திவிடலாம் என்று நிறுவினார். 1975-இல் ஹாப்கிராஃப்ட், பால், வேலியன்ட் மூவரும் கண்ட முடிவு, த-வை அதன் மடக்கையால் வகுத்தால் வரும் அளவுக்குத்தான் நினைவகத்தைக் குறைத்திருந்தது. ஐம்பது ஆண்டுகளாக அது அப்படியே இருந்தது. வில்லியம்ஸின் முடிவிலிருந்து, சிறிய நினைவகத்தில் தீர்க்கக்கூடிய சில கணக்குகளுக்கு அந்த நினைவகத்தின் ஏறத்தாழ வர்க்க அளவுக்காவது நேரம் தேவை என்று கிடைக்கிறது; இது உண்மையான ஒரு ‘முடியாது’. வர்க்கமூலம் என்பதை நான்காம் மூலம், எட்டாம் மூலம் என்று எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொண்டே போக முடியுமானால், அளவான நினைவகத்தில் தீர்க்கக்கூடியவை எல்லாம் பி-யில் அடங்கிவிடா என்பது நிறுவப்பட்டுவிடும். அப்படிக் குறைக்க முடியுமா என்ற கேள்வி இப்போது திறந்தே இருக்கிறது.